செருப்புல செதுக்கின பஸ்

ஒரு ஊருக்கு ஒரு முட்டாள் போதும். அதுக்கு மேல வச்சுக் காப்பாத்த எந்த ஊருக்கும் தெம்பு கிடையாது. எங்க பூனைப்பாறை மேல்டிவிஷன்ல மூணு பேர் இருந்தாங்க. மூணு பேரும் காலேஜ் படிக்கிறவங்க, அதனால அவங்களை முட்டாள்னு சொல்ல ஊர்ல யாருக்கும் வாய் வரல. எனக்கு வந்துச்சு.

மேல்டிவிஷன்னா தேயிலை எஸ்டேட்டோட உச்சி. எங்களுக்கு மேல மேகமும் காட்டுமாடும்தான். கீழ டவுன், அங்க காலேஜ், அங்க பஸ் டெப்போ.

முதல் ஆளு சுடலை அண்ணன். எகனாமிக்ஸ், மூணாம் வருஷம். எதையும் யோசிக்காம பேச மாட்டாரு. அதுதான் பிரச்சனையே. யோசிக்காம பேசியிருந்தா எப்பவாவது தப்பித்தவறி சரியா வந்திருக்கும்.

ரெண்டாவது ஆரோக்கியம். என் செட்டு. விலங்கியல் படிக்கிறான். கொசுவ அடிச்சா கூட "பாவம்டி, அதுக்கும் குடும்பம் இருக்கும்ல"ம்பான்.

மூணாவது குருவம்மா. முதல் வருஷம் காமர்ஸ். சொன்ன வேலைய சொன்ன மாதிரியே செய்வா, அதுல ஒரு எழுத்து மாத்த மாட்டா. இவ மாதிரி ஒருத்தி இருந்தா ஒரு கல்யாணத்தையே நடத்திடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடவும் செஞ்சாங்க. "பந்தி ஒக்காந்தாச்சு, எல்லாருக்கும் எலை போடும்மா"ன்னாங்க. ஆளுக்கு ஒரு கைப்பிடி தேயிலைய எடுத்துப் போட்டா.

நான் எஸ்தர். பி.ஏ. தமிழ், ரெண்டாம் வருஷம். எனக்கு வாய் நீளம்னு சொல்வாங்க. ஒருத்தரும் அதை ரெண்டாந்தடவை சொன்னதில்ல.

எங்களுக்குன்னு இருந்தது ஒரே ஒரு பஸ். காலைல கீழ போகும், சாயங்காலம் மேல வரும். வரும்ங்கறது ஒரு நம்பிக்கைதான். ஒருநாள் லேட்டு, ஒருநாள் ரொம்ப லேட்டு. பொறுக்க முடியாம நான் டெப்போவுக்கே போயி அங்க இருந்த மேனேஜரை நல்லா நாலு கேள்வி கேட்டேன். கடைசில, "இப்படி ஓட்டறதுக்கு நீங்க ஓட்டாமலே இருக்கலாம்"னேன்.

அந்த மனுஷன் அதைப் பயணிகளோட கோரிக்கையா எடுத்துக்கிட்டாரு. மறுநாள்லேர்ந்து பஸ் இல்ல.

மத்த பசங்க ஒவ்வொருத்தரா படிப்ப நிறுத்திட்டாங்க. நாங்க நாலு பேர் மட்டும் காட்டு வழியா நடந்து போயிட்டு வந்தோம். யானை நின்னா திரும்பி வந்துருவோம். யானைக்கு அடிக்கடி நிக்கற பழக்கம். துறைத்தலைவி மேடம் என்னைக் கூப்பிட்டு, "எஸ்தர், வருகைப்பதிவு இப்படியே போனா உன்னைப் பரீட்சை ஹாலுக்குள்ளயே விட மாட்டாங்கம்மா"ன்னாங்க. வீட்டுக்கு வந்தா எங்கப்பா ரொம்ப அமைதியா, "பொங்கல் முடிஞ்சதும் கூடைய எடுத்துக்கிட்டு எலை பறிக்கப் போயிரு. எஸ்டேட்ல ஆர்டர் வாங்கிட்டேன்"னாரு. எங்கப்பா அமைதியா பேசினா முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம்.

அந்த நேரத்துலதான் டெப்போவுக்குப் புது மேனேஜர் வந்தாரு. வைகுண்டம்னு பேரு, ராமநாதபுரம் பக்கம். மலையையே இப்பத்தான் பாக்கறாராம்.

சண்டை போட்டு பஸ்ஸை நிறுத்தியாச்சு, சிரிச்சு ஓட வைப்போம்னு முடிவு பண்ணேன். புத்தாண்டு வருது. காலேஜ் கண்காட்சில ஒரு பொண்ணு கையாலயே வாழ்த்து அட்டை செஞ்சு வச்சிருந்தா. கலர் கலரா காகிதத் துண்டை வெட்டி, ஒட்டி, மலை, வீடு, மரம்னு உருவம் பண்ணியிருந்தா. ஓரத்துல ரப்பர்ல செதுக்கின ஸ்டாம்ப்பால ஒரு குருவி. பாத்தா யாருக்கும் மனசு இளகிடும். மேனேஜருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்லன்னு நினைச்சேன்.

எலை எடை போடற ஷெட்டுல மூணு பேரையும் ஒக்கார வச்சேன்.

"புது மேனேஜருக்கு நம்ம கையால ஒரு வாழ்த்து அட்டை செஞ்சு குடுக்கறோம்"னேன்.

"கார்டா?"ன்னான் ஆரோக்கியம்.

"கார்டுன்னு சொல்லாத. தமிழ்ல ஒரு சொல்லு இருக்கும்போது எதுக்குடா அடுத்தவன் சொல்லு? அட்டைன்னு சொல்லு. வாழ்த்து அட்டை."

சுடலை அண்ணன் யோசிச்சாரு. "வாழ்த்து எதுக்குன்னு புரியுது."

"அட்டை புரியலையா?"

"அதென்னம்மா அப்படிக் கேட்டுட்ட. இந்த ஊர்ல பொறந்துட்டு அட்டை தெரியாம இருக்குமா?"ன்னு குனிஞ்சு தன் கணுக்காலைத் தடவிப் பாத்துக்கிட்டாரு.

அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். ஆனா நான் அப்ப வேலை பிரிச்சுக் குடுக்கற வேகத்துல இருந்தேன்.

"ஆரோக்கியம், அட்டை உன் பொறுப்பு. நல்லா தடிமனா இருக்கணும். வழவழன்னு இருக்கணும். மடிச்சா உடையக் கூடாது. பாத்துக் கொண்டா."

"எத்தனை?"

"ரெண்டு மூணு கொண்டா. ஒண்ணு வீணாப் போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

"குருவம்மா, உனக்குத் துண்டு வேலை. தேயிலைச் செடிக்குப் பச்சைத் துண்டு. மேகத்துக்கு வெள்ளைத் துண்டு. சூரியனுக்கு ஆரஞ்சுத் துண்டு. எல்லாத்தையும் சின்னச் சின்னதா வெட்டி வை. மைதா பசை காய்ச்சி வை. ஸ்டாம்ப்புக்கு மை வேணும், அதையும் எடுத்து வை."

"சரிங்கக்கா."

"சுடலைண்ணே, ஸ்டாம்ப் நீங்க. ஒரு ரப்பர்ல பஸ் படம் செதுக்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. தலைகீழா செதுக்கணும். அப்பத்தான் அச்சு சரியா விழும்."

தலைகீழான்னா இடதை வலதா, வலதை இடதான்னு அர்த்தம். ஸ்டாம்ப்பைப் பாத்த எவனுக்கும் இது தெரியும். இப்பவும் சொல்றேன், நான் சொன்னதுல ஒரு தப்பும் கிடையாது.

"அட்டைக்குப் பின்பக்கம் நாலு வரி எழுதணும். அதையும் நீங்களே எழுதுங்க"ன்னேன். நான் எழுதினா அது மூணாவது வரியில சண்டையாயிடும்னு எனக்கே தெரியும். "பெருசா ஒண்ணும் வேணாம். மனசுல இருக்கறத எழுதினா போதும்."

வருஷக் கடைசி நாள் நான் டவுனுக்குப் போயிருந்தேன். மேடத்துகிட்ட பேசி வருகைப்பதிவுக்குக் கொஞ்சம் தயவு கேக்கப் போனேன். போன எடத்துல பேச்சு வளர்ந்து, தயவு கிடைக்கல. புது செருப்ப ஷெட்டுலயே விட்டுட்டு பழைய ஷூவைப் போட்டுக்கிட்டுப் போயிருந்தேன், வழியெல்லாம் சேறுங்கறதால. இருட்டறதுக்குள்ள திரும்பி வந்தா மூணு பேரும் ஷெட்டுல வேர்த்து விறுவிறுத்து ஒக்காந்திருக்காங்க.

ஆரோக்கியம் ஒரு ஊறுகாய் பாட்டிலை என் முன்னாடி வச்சான். உள்ள என்னமோ நெளிஞ்சுது.

"என்னடா இது?"

"அட்டை. நீ சொன்ன மாதிரியே தடிமனா, வழவழன்னு. ரெண்டு மூணு கேட்ட. நான் ஏழெட்டு புடிச்சேன், நீயே செலக்ட் பண்ணிக்க."

மழை ஈரத்துல கால்ல ஏறி ரத்தம் குடிக்குமே, அந்த அட்டை.

"மடிச்சுப் பாத்தேன். உடையவே இல்ல"ன்னான், பெருமையா.

நான் பாட்டிலைத் தள்ளி நகத்தி வச்சேன். அந்த இடைவெளியில சுடலை அண்ணன் தன் சந்தேகத்தைக் கேட்டாரு.

"எஸ்தரு, இதுல எந்தப் பக்கம் எழுதறது? முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு இவனுக்கே தெரியல. விலங்கியல் படிக்கிறவன்."

"ரெண்டு பக்கமும் ஒட்டுதுண்ணே"ன்னான் ஆரோக்கியம்.

"பாத்தியா, பசையே வேணாம்."

"அய்யோ, நான் ஒரு சட்டி காய்ச்சிட்டேனே"ன்னா குருவம்மா.

நான் கத்தின கத்தல்ல எதிர் மலையில நாய் குரைச்சுது. காகித அட்டைடா, காகித அட்டை! "அப்ப நீ கார்டுன்னு சொல்லியிருக்கலாமே"ன்னான் ஆரோக்கியம். அவனை ஒண்ணும் பண்ணல. பாட்டிலை மட்டும் தேயிலைக்குள்ள கொட்டிட்டு வரச் சொன்னேன். "குளிருமே"ன்னு முனகிக்கிட்டே போனான்.

ஷெட்டு செவுத்துல தேதி கிழிக்கிற காலண்டர் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வருஷம் முடிஞ்சு ஒரே ஒரு தாள்தான் மிச்சம். அதைக் கழட்டி, அட்டைய மட்டும் பிரிச்சு எடுத்தேன். நல்ல கெட்டி அட்டை.

"குருவம்மா, துண்டைக் கொண்டா."

ஒரு கூடைய இழுத்துக்கிட்டு வந்தா. தூக்க முடியல அவளால. கூடைக்குள்ள அவங்க அண்ணனோட பச்சைத் துண்டு, மேஸ்திரியோட வெள்ளைத் துண்டு, தோள்ல போடற துண்டு, தலை தொவட்டற துண்டு, எல்லாம் விரல் அகலத்துக்குத் துண்டு துண்டா.

"ஏன்டி…"

"சின்னச் சின்னதாத்தான் வெட்டணும்னு சொன்னீங்க. இதுக்கும் சின்னதா வெட்டினா நூலாயிடும்க்கா."

"ஆரஞ்சு எங்க?"ன்னு கேட்டது நான் இல்ல. சுடலை அண்ணன். அவருக்கு வேலை ஒழுங்கா நடக்கணும்.

"சூரியனை எங்கப்பா கட்டிக்கிட்டு குளிக்கறாரு. வெளிய வந்ததும் வெட்டிடறேன்."

அவங்கப்பா குளிச்சு முடிக்கற வரைக்கும் சூரியன் வரல. அப்புறமும் வரல. அவ வீட்டுப் பக்கமிருந்து கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் வந்துச்சு. அதனால எங்க வாழ்த்து அட்டையில சூரியன் கிடையாது. மேகமூட்டம்.

வேற காகிதம் தேட நேரமில்ல. விடிஞ்சா புத்தாண்டு. துண்டையே ஒட்டுங்கன்னு சொல்லிட்டேன். ஒரு சட்டி பசையும் தீந்துச்சு. பச்சையில மலை, மேல வெள்ளையில மேகம். சொன்னா நம்ப மாட்டீங்க, மலை நல்லாத்தான் வந்துச்சு. தொட்டா புசுபுசுன்னு இருந்துச்சு.

"இப்ப ஸ்டாம்ப்."

சுடலை அண்ணன் முதுகுக்குப் பின்னாடியிருந்து ஒரு செருப்ப எடுத்தாரு. என் செருப்பு. இடது கால்.

"ரப்பர்னு சொன்ன. பென்சில் அழிக்கற ரப்பர்ல பஸ் கொள்ளல. டயர் வரைக்கும்தான் வந்துச்சு. இது நல்ல கனமான ரப்பர்"னு அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாரு. குதிகால் எடத்துல அழகா ஒரு பஸ். ஜன்னல், கதவு, ஏணி, எல்லாம் இருந்துச்சு. சக்கரம் நாலும் வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"கவுந்து கெடக்குண்ணே."

"தலைகீழான்னுதானே சொன்ன?"

"சரி, செருப்பைத் திருப்பி வச்சு அழுத்துங்க. நேரா வந்துரும்."

அவர் என்னைப் பரிதாபமா பாத்தாரு. "எஸ்தரு, திருப்பி வச்சா செருப்பு பின்னாடியில்ல போகும். எந்தச் செருப்பும்மா பின்னாடி போகுது?"

நான் பதில் யோசிக்கறதுக்குள்ள அழுத்திட்டாரு. மையெடுத்துத் தடவினது குருவம்மா. கண் மை. பஸ்ஸுக்கு மை வச்சது மட்டுமில்லாம, கண்ணு பட்டுறும்னு முகப்புல ஒரு திருஷ்டிப் பொட்டும் வச்சிருந்தா.

பச்சை மலை, வெள்ளை மேகம், கீழ பள்ளத்துல குப்புறக் கவுந்த கறுப்பு பஸ். பஸ்ஸை நேராக்கணும்னா மலையைக் கவுக்கணும். போகட்டும், பாத்தா பஸ்னு தெரியுதுல்லன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு அப்ப பாக்கல. ரெண்டு காலுக்கும் செருப்பு இருக்கான்னு பாக்கறதுலயே என் கவனம் போயிடுச்சு.

புத்தாண்டு அன்னிக்கு நாலு பேரும் நடந்து டெப்போவுக்குப் போனோம். நடுவுல ஒருதடவை திரும்பிப் பாத்தேன். நான் வந்த வழியெல்லாம் சேத்துல ஒரு காலடி விட்டு ஒரு காலடி பஸ் கவுந்து கெடந்துச்சு.

மேனேஜர் வைகுண்டம் நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தாரு. "வாங்க தம்பிங்களா, வாம்மா"ன்னு ரெண்டு கையாலயும் அட்டைய வாங்கினாரு. நான் தயார் பண்ணி வச்சிருந்த மரியாதையான பேச்ச ஆரம்பிக்கறதுக்குள்ள அவர் முகம் மாறிடுச்சு.

"வண்டி கவுந்திருக்கு"ன்னாரு.

"சார், அது வந்து…"

அப்ப அட்டையில மேகத்துக்குப் பக்கத்துலேர்ந்து ரத்தம் வழிய ஆரம்பிச்சுது. மலையில எறங்கி, பஸ் மேல சொட்டிச்சு.

நான் ஆரோக்கியத்தைப் பாத்தேன். அவன் என் காதுகிட்ட வந்து, "ஒண்ணே ஒண்ணு மட்டும் மேகத்துக்கு அடியில வச்சேன்டி. குளிரும்ல. அதுவுமில்லாம வாழ்த்து அட்டைன்னு பேரு வச்சிட்டு, ஒரு அட்டை கூட இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"னான்.

ரத்தம் மேனேஜரோடதுதான். கட்டை விரல்ல. அட்டை கடிச்சா வலிக்காதுன்னு மலைக்காரங்களுக்குத் தெரியும். ராமநாதபுரத்துக்குத் தெரியாது.

"ரத்தம் இன்னும் காயல. இப்பத்தான் நடந்திருக்கு"ன்னு அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைச் சத்தமா படிச்சாரு. சுடலை அண்ணன் தன் மனசுல இருக்கறத எழுதியிருந்தாரு.

"அய்யா அவர்களுக்கு. எங்கள் பஸ் போய்விட்டது. நாங்கள் நாலு பேர் மட்டும்தான் மிச்சம். நடந்தே வந்து சேர்ந்தோம். உடனே வண்டி அனுப்பவும். மிக்க மகிழ்ச்சி. புத்தாண்டு வாழ்த்துகள்."

"சார், பஸ்ஸே இல்ல சார்! எதுவும் கவுந்துடல!"ன்னு நான் கத்தினேன்.

"பாவம், அதிர்ச்சி. அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுங்க"ன்னாரு. அதுக்கு மேல நான் எவ்வளவு கோவப்பட்டேனோ அவ்வளவு தண்ணி குடுத்தாங்க.

மேனேஜர் சுடலை அண்ணன் பக்கம் திரும்பினாரு. இருக்கறதுல நிதானமான ஆளா தெரிஞ்சிருப்பாரு.

"தம்பி, வண்டியில எத்தனை பேரு?"

"எப்பவும் ஒரு முப்பது பேர் இருப்பாங்க சார்."

"கடவுளே. இந்த பஸ் இப்ப எங்க கெடக்கு? பதறாம சொல்லு."

சுடலை அண்ணன் யோசிச்சாரு. "இவ செருப்படியில சார்."

"செருப்படி?" மேனேஜர் கிளார்க்கைப் பாத்தாரு. "செருப்படின்னு ஒரு வளைவு இருக்கா?"

"மேல போனா வளைவுக்கா பஞ்சம் சார், இருக்கும்"னாரு கிளார்க்கு.

அப்புறம் நடந்தது எல்லாம் அரசாங்க வேகம்னு யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போவேன். அவ்வளவு சீக்கிரம், கவுந்த பஸ்ஸைத் தூக்கற பிரேக்டவுன் வண்டி ரெடியாச்சு. வழி காட்டறதுக்குன்னு எங்க நாலு பேரையும் அதுலயே ஏத்தி மேல அனுப்பினாங்க. மாசக்கணக்குல நடந்த கால். ஒக்காந்ததும் எனக்கு வாய் திறக்கவே மனசு வரல. என் வாழ்க்கையில நான் பேசாம இருந்தது அந்த ஒரு பயணம்தான்.

மேல வந்ததும் டிரைவர் கதிரேசன் அண்ணன் எறங்கி டார்ச்சு அடிச்சாரு. காலைல நான் நடந்த சேறு. "ஏயப்பா, இத்தனை பஸ்ஸா!"ன்னு குந்தி ஒக்காந்துட்டாரு.

தடயம் கிடைச்சிருக்குன்னு டெப்போவுக்குத் தகவல் போச்சு. அங்கிருந்து உத்தரவு வந்துச்சு. பஸ் கிடைக்கற வரைக்கும் தேடணும். சாயங்காலம் கீழேர்ந்து மேல தேடணும், ராத்திரி அங்கயே வண்டிய நிறுத்திட்டு, காலைல மேலேர்ந்து கீழ தேடணும். அடையாளம் காட்ட அந்த நாலு பேரும் கூட வரணும்.

காலைல காலேஜ், சாயங்காலம் வீடு. லேட்டுங்கற பேச்சே இல்ல, தேடுதல் வேட்டையில்ல. என் வருகைப்பதிவு ஏற ஆரம்பிச்சுது. பொங்கல் முடிஞ்சும் எங்கப்பா கூடையைப் பத்திப் பேசல.

ஒருநாள் எனக்கே தாங்காம கதிரேசன் அண்ணன்கிட்ட கேட்டேன். "ஏண்ணே, டெப்போல பஸ்ஸை எண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்தோம் பாப்பா. எல்லாம் சரியா இருக்கு. அதுதான் மேனேஜருக்குப் பயமே. இருக்கற பஸ் கவுந்தா கணக்கு எழுதிரலாம். இல்லாத பஸ் கவுந்தா யாரு பதில் சொல்றது?"

மூணு பேரும் வண்டில வரும்போது ஜன்னல் வழியா பள்ளத்தைப் பாத்துக்கிட்டே வருவாங்க. நடிக்கறாங்கன்னு நினைச்சேன். இல்ல.

"ரொம்ப நாளாச்சு. அது தனியா கெடக்கும்ல, பாவம்"னான் ஆரோக்கியம்.

"டேய், அந்த பஸ்ஸை செதுக்கினதே இந்தண்ணன்தான்டா!"

"செதுக்கினவனுக்குத்தான் வருத்தம் ஜாஸ்தி இருக்கும்"னாரு சுடலை அண்ணன், கண்ணை எடுக்காம.

எல்லாம் நல்லபடியா போயிக்கிட்டு இருந்தப்ப ஒரு காலைல வண்டி கிளம்பல. தேடுதல் முடிஞ்சுதுன்னு உத்தரவாம். அன்னிக்கு யானையும் நின்னுச்சு. சுத்தி நடந்து டெப்போவுக்குப் போயி மேனேஜர் ரூமுக்குள்ள நுழைஞ்சேன். எங்க அட்டைய போர்டுல, விபத்துன்னு எழுதின எடத்துக்குக் கீழ, ஒத்தை குண்டூசியில குத்தி வச்சிருந்தாங்க. ஆனா தலைகீழா திரும்பி இருந்துச்சு. பஸ் நேரா நின்னுச்சு, மலை மேலேர்ந்து தொங்குச்சு.

ரூமைக் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்த சொர்ணம் அக்கா, "நாந்தான்ம்மா திருப்பி வச்சேன். கோணலா இருந்தா எனக்குப் பொறுக்காது"ன்னாங்க. மேனேஜர் காலைல வந்து பாத்துட்டு, "அப்பாடா, வண்டிய நிமித்திட்டாங்க"ன்னு தேடுதலை முடிச்சிட்டாராம்.

நான் அட்டைய மறுபடி கவுத்தேன். மறுநாள் வண்டி வந்துச்சு. அதுக்கு மறுநாள் சொர்ணம் அக்கா நிமித்தினாங்க. வண்டி வரல. நான் போய் கவுத்தேன். அவங்க நிமித்தினாங்க. "அக்கா, அது கவுந்துதான்க்கா இருக்கணும்!"னு நான் சொன்னதுக்கு, "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"ன்னாங்க.

சுடலை அண்ணன்தான் வழி சொன்னாரு. ரொம்ப நேரம் யோசிச்சாரு.

"எஸ்தரு, செருப்பக் குடு. எதிர்ப்பக்கமா இன்னொரு பஸ் குத்திடறேன். அட்டைய எப்படித் திருப்பினாலும் ஒண்ணு கவுந்தே இருக்கும்."

"செருப்பு பின்னாடி போகுமேண்ணே?"

"இப்ப செருப்ப யாரு திருப்பறா? அட்டையத்தான் திருப்பப் போறேன்."

யோசிச்சுப் பாத்தா, அந்த ஆளு சொன்னது சரி. அதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பாயிடுச்சு. செருப்பக் கழட்டிக் குடுத்தேன். மேனேஜர் ரூம்ல ஆள் இல்லாத நேரமா பாத்துக் குத்திட்டாரு.

மறுநாள் காலைல மேனேஜர் அட்டையப் பாத்திருக்காரு. ஒரு பஸ் கவுந்து கெடக்கு. ஒரு பஸ் நேரா நிக்குது. கவுந்த பஸ்ஸுக்குப் பிரேக்டவுன் வண்டி மறுபடி கிளம்பிச்சு. நேரா நிக்கற பஸ்ஸை ஆள் இல்லாம விடலாமா? அதுக்கு ஒரு கண்டக்டரைப் போட்டுட்டாரு.

சாயங்காலம் நாங்க வண்டில ஏறினா, காக்கிச் சட்டையும் தோல்பையுமா அவர் முன்னாடியே ஒக்காந்திருக்காரு. ரெண்டு விசில் அடிச்சாரு. வண்டி ஏற்கனவே போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நேரா என்கிட்ட வந்து கைய நீட்டினாரு.

"டிக்கெட்."

"ஸ்டூடண்ட் பாஸ்."

"பாஸ் பஸ்ஸுலதான் செல்லும். இது பிரேக்டவுன் வண்டி."

"அப்ப இதுக்கு எதுக்கு சார் டிக்கெட்டு?"

"இதுக்கு யாரு கேட்டா? நான் பஸ்ஸுக்குக் கேக்கறேன்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. எந்திரிச்சு நின்னேன். "எந்த பஸ்ஸுக்கு? எங்க இருக்கு அந்த பஸ்ஸு? காட்டுங்க பாப்போம்!"

கண்டக்டர் ஜன்னல் வழியா பள்ளத்தை எட்டிப் பாத்தாரு. சுடலை அண்ணன் நகர்ந்து எடம் விட்டாரு.

"அதைத்தானேம்மா எல்லாரும் தேடிக்கிட்டு இருக்கோம். சில்லறையா குடு."